வாடைக்குக் காத்திருந்த கப்பல்கள்

மதுரையில் ஆடிக்காற்று வந்துவிட்டது. மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நிற்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டி எதிர்வீட்டு முருங்கையில் தொங்குகிறது. அம்மியையும் பறக்கவைக்கும் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்த காற்று. ஊரே இதைத் திட்டித் தீர்க்கிற இந்த மாதத்தில் என் மனசு கிழக்கே கடலுக்கு ஓடிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து, ஈரம் வற்றிய வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. தேனியையும் மதுரையையும் கடந்து, சிவகங்கைச் சீமையின் வறண்ட கண்மாய்களின் மேல் ஓடி, ராமநாதபுரம் தாண்டிக் கடலுக்குள் போய்விடுகிறது. நம் தெருவில் புழுதியைக் கிளப்பிய அதே காற்றுதான் கொஞ்ச நேரத்தில் ராமேஸ்வரத்தில் ஒருவரைப் படகை இறக்க விடாமல் கரையில் உட்காரவைக்கிறது. மதுரையில் கடல் இல்லை. ஆனால் கடலுக்குப் போகிற காற்று நம் வாசல் வழியாகத்தான் போகிறது.

ராமேஸ்வரம் தீவில் நின்றால் இரண்டு கடல் தெரியும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மீன்பிடிக்கிறவர்களுக்கு அது வருடத்தையே பிரித்துத் தருகிற கணக்கு. ஆனி, ஆடி, ஆவணியில் தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை பிறந்ததும் தலைகீழாக மாறிவிடும். வடகடல் சீறும், தென்கடல் குளம் மாதிரி ஆகிவிடும். பாம்பன் பகுதியில் காற்று மாறும்போது வள்ளத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோய் வைத்துத் தொழில் செய்யும் வழக்கம் இருக்கிறது. ஒரு கடல் கதவைச் சாத்தினால் இன்னொரு கடலில் போய்த் தட்டுகிறார்கள்.

பாய்மரத்தில் கரையோரமாகப் போவதைப் பற்றி நினைத்தால் நம்மில் பலருக்கும் படகு நீரைக் கிழித்துக்கொண்டு பாய்கிற காட்சிதான் வரும். பாய்மரக்காரர்களின் நாளில் அது கொஞ்ச நேரம். மிச்ச நேரம் காத்திருப்பு. காற்று இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். அதிகமாக இருந்தாலும், திசை சரியில்லை என்றாலும் அதே கதைதான். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயாலும் போக முடியாது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று கோணல் கோணலாக வெட்டிப் போகலாம். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் ஓட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கரைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பதுதான் அறிவு.

அன்றாடக் கணக்கு ஒன்றும் உண்டு. ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் பின்னிரவிலிருந்து விடியற்காலை வரை நிலத்திலிருந்து கடலுக்குக் கரைக்காற்று ஓடும். பகலில் நிலம் காய்ந்து சூடானதும் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பும். கட்டுமரக்காரர்கள் விடிவதற்கு முன்னால் போய், வெயில் சாய்கிறபோது திரும்பிவந்ததற்கு இதுதான் காரணம். போகும்போது ஒரு காற்று தள்ளிவிடும், வரும்போது இன்னொன்று இழுத்துவரும். சித்திரை வைகாசியில் சில சாயங்காலங்களில் மதுரையில் திடீரென்று கிழக்கேயிருந்து குளுகுளுவென்று ஒரு காற்று வருமே, அது நூறு கிலோமீட்டர் நடந்துவந்த கடற்காற்று. அடுத்த முறை அது வந்தால் மாடிக்குப் போய் நில்லுங்கள்.

தொண்டியில் எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு வீடு இருக்கிறது. கொச்சியில் தொடங்கி மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக ஓடிவரும் 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டிக் கடற்கரையில்தான் முடிகிறது. காளையார்கோவில், திருவாடானை தாண்டிப் பனைமரமும் கருவேலமும் அடர்ந்த வெளியில் போய்க்கொண்டே இருந்தால் சாலை சட்டென்று கடலில் போய் நிற்கும். அந்தக் கடலோரத்தில் நம்புதாளை, சோலியக்குடி, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி என்று வரிசையாக ஊர்கள். இந்தக் கரையில் இன்னும் பாய்மரம் சாகவில்லை. வத்தை என்று சொல்லும் ஒல்லியான நீளப் படகுகளில் பாய் கட்டி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருவிழா சமயத்தில் பாய்மரப் படகுப் போட்டியும் நடக்கும்.

அந்தப் போட்டியை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். படகு ஒல்லி, பாய் பெரிசு. அப்படியே விட்டால் காற்று அதைக் கவிழ்த்துவிடும். அதனால் படகின் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, காற்று வருகிற பக்கமாக நீட்டிவைப்பார்கள். காற்று ஏற ஏற ஆட்கள் அந்தப் பலகையின் நுனிக்கு நகர்ந்துபோய் உட்காருவார்கள், கீழே வெறும் கடல். காற்று இளகினால் உள்ளே வருவார்கள், வலுத்தால் மறுபடி வெளியே. யாரும் கட்டளை போடுவதில்லை. நுனியில் இருக்கிறவர் காற்று வந்துசேர்வதற்கு முன்னாலேயே நகர்ந்துவிடுகிறார். தூரத்தில் தண்ணீரின் தோல் கறுத்துச் சிலிர்ப்பதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொருவர் ஒரு வாளியால் கடல்நீரை அள்ளி அள்ளிப் பாயின் மேல் வீசிக்கொண்டிருப்பார். நனைந்த துணி காற்றை ஒழுகவிடாமல் பிடிக்குமாம். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தக் கரையின் படகுகளையும் அந்தக் குறுக்குப் பலகையையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

போட்டியைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது போட்டி இல்லாத ஒரு நாள். கரையில் ஒரு பெரியவர் பாயை மடியில் பரப்பி, அதன் விளிம்போடு கயிறு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். மெழுகு தடவிய நூல். ஒவ்வொரு தையலையும் இழுத்ததும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு தேய்ப்பு. நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் படகுகள் எல்லாம் கரையில்.

“என்னய்யா, நல்லாத்தானே காத்து அடிக்குது, இறங்கலையா?” என்றேன்.

“காத்து இருக்கு தம்பி. நம்ம காத்து இல்ல” என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். “இது கச்சான், மேலக்காத்து. போறப்ப நல்லா இழுத்துட்டுப் போயிரும். திரும்பி வர்றது யாரு? மேக்க மின்னுது பாருங்க. ராவுக்கு இது அசந்துட்டா விடியக்காலம் கரைக்காத்து புடிக்கும். அப்ப எறங்கிக்கலாம்.”

அசராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “பாய் தைக்கிறது இன்னும் பாதி கெடக்கே” என்று ஊசியைக் காட்டினார்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர் காற்றுகளைச் சொல்லும்போது உறவுக்காரர்களைச் சொல்வதுபோல இருந்தது. எது எந்த மாதம் வரும், வந்தால் எத்தனை நாள் தங்கும், போகும்போது எதை விட்டுவிட்டுப் போகும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. நீவாடு என்று அவர்கள் சொல்லும் கடல்நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஆறாமீன் என்ற நட்சத்திரக் கூட்டம் எழும்போது காற்று எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றதில்லை. அவர் அப்பாவோடு கரையில் உட்கார்ந்து காத்திருந்த நாட்களில் கற்றது.

இந்தக் காத்திருப்புக்கும் நம் ஊருக்கும் ரொம்பப் பழைய பந்தம் உண்டு. ரோமானியப் பேரரசின் காலத்தில் எகிப்திலிருந்து கிளம்பிய வணிகக் கப்பல்கள் கோடை நடுவில் செங்கடலை விட்டு வெளியே வரும். தென்மேற்குக் காற்று பின்னால் நின்று தள்ளும். செங்கடல் வாயிலில் இருந்த ஓசிலிஸ் துறையை விட்டால் 40 நாளில் நம் மேற்குக் கரையின் முசிறிக்கு வந்துவிடலாம் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். சரி, வந்தாகிவிட்டது. எப்போது திரும்புவது? காற்று மாறினால்தான். வாடை பிறந்து நிலைத்தபின், டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ தான் கப்பல் திரும்பக் கிளம்பும். இடையில் இரண்டு மூன்று மாதம் அவர்கள் இங்கேதான். மிளகும் முத்தும் துணியும் வாங்கிச் சேர்த்தது, விலை பேசியது, நம் ஊர்ச் சோற்றைத் தின்றது எல்லாம் அந்த மாதங்களில். கடல் வணிகம் என்றால் கப்பல் ஓடியதைத்தான் பாடத்தில் படித்தோம். கப்பல் ஓடாமல் நின்ற மாதங்களில்தான் இரண்டு ஊர் மனிதர்களும் பழகியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

மேற்குக் கரையில் இறங்கிய சரக்கு கிழக்குக் கரைக்கு எப்படிப் போனது என்பது இன்னொரு சுவையான கேள்வி. குமரிமுனையைச் சுற்றி வர வேறு காற்று வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டுகளில் பெரிய கப்பல் தட்டிவிடும். இலங்கையைச் சுற்றினால் இன்னும் தூரம், இன்னும் காத்திருப்பு. ஆகவே கணிசமான சரக்கு மலைக்கணவாய்கள் வழியாக மாட்டு முதுகிலும் வண்டியிலும் தரைவழியே வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கொங்குநாட்டில் ரோமானியக் காசுப் புதையல்கள் குவிந்து கிடைத்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மதுரையில் வைகை மணலிலேயே ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. காற்றுக்குக் காத்திருக்க முடியாத சரக்குக்கு இந்தச் சமவெளிதான் குறுக்குவழி. இன்றைக்குக் கொச்சியிலிருந்து தொண்டிக்கு லாரி ஓட்டுகிறவரும் கடலிலிருந்து கடலுக்கு அதே மாதிரி ஒரு பாதையில்தான் போகிறார்.

அப்படியென்றால் பெரிய கப்பல்கள் கிழக்குக் கரைக்கு வரவே இல்லையா? இங்கேதான் அழகன்குளம் வருகிறது. நம் வைகை, மதுரையைத் தாண்டிப் பரமக்குடி போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் மீதி இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊரின் பக்கம் கடலில் சேருகிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87-ல் தொடங்கிப் பல கட்டமாக அங்கே தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசுகள், மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள், வடநாட்டுக் கறுப்புப் பானைத் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. எனக்கு அதில் உயிரான பொருள் ஒரு சின்னப் பானை ஓடு. அதன்மேல் யாரோ கூரான எதையோ வைத்து ஒரு கப்பலைக் கீறியிருக்கிறார். மூன்று பாய்மரம் உள்ள பெரிய கப்பல். பண்டைக்காலக் கப்பல்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த லயனல் காசன், அது ரோமானியரின் மிகப்பெரிய வணிகக் கப்பல் வகையைக் காட்டுகிறது என்று அடையாளம் சொன்னார்.

கீறியவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாய்மரங்களையும் கயிறுகளையும் அந்த அளவுக்கு நினைவில் வைத்துக் கீற வேண்டும் என்றால், அந்தக் கப்பலை ஆற அமரப் பார்த்திருக்க வேண்டும். ஓடுகிற கப்பலை அப்படிப் பார்க்க முடியாது. நின்ற கப்பலைத்தான் பார்க்கலாம். வாடைக்காக நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு கப்பலை, கரையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் கையில் கிடைத்த ஓட்டில் கீறியிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆய்வுலகம் இதை ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த ஓட்டின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

காற்றுக்குக் காத்திருக்கும் இந்த மரபு ரோமானியரோடு முடிந்துவிடவில்லை. தூத்துக்குடித் தோணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டிய அந்தப் பெரிய தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோயின. தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். தென்மேற்குக் காற்று உரக்க வீசும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போகாமல் துறையில் கிடக்கும். பழுது பார்ப்பது, பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பது எல்லாம் அப்போது நடக்கும். இப்போது எஞ்சின் வைத்துவிட்டார்கள். பாய் துணைக்கு மட்டும். ஆனாலும் அந்த ஓய்வு மாதங்கள் போகவில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வல்வெட்டித்துறை. அங்கே தமிழ்க் கைகள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் பிள்ளைகளுக்கு மெகல்லனைத் தெரியும், இவர்களைத் தெரியாது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

நம் காலத்துக்கு வந்தால், கடற்படை அதிகாரிகள் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும். 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரக் கப்பலில் இரண்டே பேராகக் கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். எஞ்சினை நம்பாமல் காற்றை மட்டும் நம்பி, தென் அமெரிக்காவின் தெற்கு முனையான கேப் ஹார்னைச் சுற்றி வந்தார்கள். நம் கடற்கரைப் பெண் ஒருவர் அதைச் செய்துகாட்டிய செய்தி ஒரே நாளில் நாளிதழ்களிலிருந்து மறைந்துபோனது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது அவருக்கு வேண்டும்.

காத்திருப்பை இன்றும் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாம்பனுக்குப் போகலாம். இலங்கையைச் சுற்றாமல் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போக நினைக்கிற சிறு கப்பல்களுக்கும் பாய்மரப் படகுகளுக்கும் பாம்பன் கால்வாய்தான் வழி. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்கு, இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. பொறியியல் மாறிவிட்டது. ஆனால் அனுமதி வாங்கி, கடல் நிலவரம் பார்த்து, ரயில் இல்லாத நேரம் பார்த்து, நங்கூரம் போட்டுக் கிடப்பது மட்டும் மாறவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், இழுவைப் படகும் விசைப்படகும் வரிசையாக நின்றுகொண்டிருக்கும் நாட்கள் உண்டு.

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி நாளிதழில் படிக்கிறோமே, அதுவும் இந்தக் காத்திருப்பின் மொழிதான். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் ஆபத்து, 8 முதல் பேராபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கரைக்கு இந்த எண்களின் கனம் தெரியும். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலோடு சேர்த்து. காற்று பலமாக இருக்கும் என்றால் மீன்துறை இப்போது அனுமதி டோக்கன் தராமல் நிறுத்திவிடுகிறது. டோக்கன் இல்லாத நாளில் வருமானமும் இல்லை. காத்திருப்பதற்குக் கூலி கொடுப்பார் யாரும் இல்லை. இதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும். புயல் நாட்களில் கரையில் இருக்கச் சொல்வது சரி, அந்த நாட்களுக்கு ஓர் உதவித்தொகையும் கூடவே வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாண்டியர் கடல் வணிகத்தின் பெருமையைக் காட்ட ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மனசார வரவேற்கிறேன். அழகன்குளத்து ஓடும் காசும் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் வரலாம். அதோடு ஓர் அறையைத் தொண்டி, பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி முதியவர்களின் குரலுக்கு ஒதுக்குங்கள். எந்த மேகத்துக்கு எந்தக் காற்று, எந்தக் காற்றுக்கு எத்தனை நாள் காத்திருப்பு என்று அவர்களே சொல்வதை அங்கே கேட்க முடிய வேண்டும். ஒரு வத்தையையும் குறுக்குப் பலகையோடு, பாய் கட்டி நிறுத்துங்கள்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் கடற்கரை ஊரில் தாத்தாவோ மாமாவோ இருக்கிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். பாய்மரத்தில் போன தலைமுறை எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்காருங்கள். போனில் பதிவை ஓடவிட்டு, காற்றுகளின் பெயரிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.